இரண்டு பஞ்சாங்கம்

புருஷன் முனிராஜின் உள்ளங்கையிலிருந்த கிரீஸ் போகவே மாட்டேனென்றது. சுலோசனா முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். கடைசியில், அவனே தினமும் சாயங்காலம் குழாயடியில் நின்று செய்வானே, அதுபோல எண்ணெயோடு ஒரு பிடி சர்க்கரையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தாள். தோலுக்கு மேலிருந்தது போயிற்று. ரேகைக்குள் இருந்தது அப்படியே நின்றது. போதும் விடு, தோல் வழன்றுவிடப் போகிறது என்று பக்கத்து வீட்டுப் பசம்மா கன்னடத்தில் சொன்னாள். சுலோசனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷம் அடுத்தவன் வண்டியைக் கட்டி அழுத கை. போகிற அன்றைக்காவது சுத்தமாகப் போனால் என்ன கெட்டுவிடும்?

அவனைக் கூடத்தில் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மரத்தூளில் புரட்டிய ஐஸ் கட்டிகள் பெஞ்சுக்கு அடியில் உருகி ஓடின. அந்தத் தண்ணீரைக் கோணிச் சாக்குப் போட்டு அடைக்க யாருக்கும் தோன்றவில்லை, அதையும் அவளேதான் செய்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எப்படி ஆச்சு என்று. அவளும் பதினைந்து தடவை சொல்லிவிட்டாள். இன்னும் ஒருத்தர் கேட்டால் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிடலாம் என்றிருந்தது.

ஆனது இவ்வளவுதான். விடியற்காலையில் சாமராஜநகர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது டெம்போவின் செல்ஃப் எடுக்கவில்லை. அது என்றைக்கு எடுத்தது? கிருஷ்ணராஜுக்குச் சொந்தமான அந்தக் கிழட்டு டெம்போ, யாராவது பின்னால் நின்று தள்ளினால் மட்டுமே உயிர் பெறும். லோடு ஏற்றிய ஆளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு முனிராஜ் தானே தள்ளினான். வண்டி கிளம்பிற்று. அவனே ஓட்டிக்கொண்டு எழுபது கிலோமீட்டர் வந்தான். மைசூர் தேவராஜ மார்க்கெட் பின்வாசலில் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தினான். மூட்டையெல்லாம் இறங்கிய பிறகு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து டீ சொன்னான். டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவனை இன்னும் எடுக்கவில்லை. காரணம் லிங்கம்மா. முனிராஜின் அக்கா, ஹனூரில் இருக்கிறாள். அம்மா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். கூடப் பிறந்தவள் வந்து கோடித் துணி போடாமல் தூக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காலை எட்டரைக்கே ஹனூர் உரக்கடைக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. கொள்ளேகால் வந்து பஸ் மாறி, எப்படிப் பார்த்தாலும் ஒரு மணிக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. மகன் உமேஷ் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். இந்த மனுஷனுக்கு விதித்ததே காத்திருப்பதுதான் போலிருக்கிறது, செத்த பிறகும் விடவில்லை என்று சுலோசனா நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் லிங்கம்மாமேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பசம்மாவின் புருஷன் நஞ்சுண்டசாமி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தாலுகா ஆபீஸில் இருந்து ரிடையரானவர். தெருவில் போன் இருக்கும் வீடு அவருடையதுதான், அதனால் தெருவின் நல்லது கெட்டது எல்லாம் அவர் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் வரும். அவர் உமேஷைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உமேஷின் முகம் போன போக்கைப் பார்த்துச் சுலோசனா எழுந்து போனாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. ஷோரூம்லேர்ந்து போன்."

"என்னவாம்?"

"வண்டி வந்திருக்காம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஞ்சுண்டசாமி மிச்சத்தைச் சொன்னார். நேற்று ராத்திரி மூன்று வண்டி வந்து இறங்கியிருக்கிறது. இது மகாளய பட்சம், பித்ருக்களுக்கான பதினைந்து நாள், யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள். லிஸ்டில் மேலே இருந்தவர்கள் எல்லோரும் தசராவுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். இப்போது முனிராஜின் பெயரில் வந்து நிற்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்குள் ஒரு பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஏற்கனவே இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன பார்ட்டி என்று அந்தக் கிளார்க் சலித்துக்கொண்டானாம். முனிராஜ் போய்விட்டான் என்று தனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றார் நஞ்சுண்டசாமி. பிறகு, கேட்காமலேயே, சட்டத்தையும் சொன்னார். புக் பண்ணின ஆள் இல்லையென்று தெரிந்தால் அந்த புக்கிங் தானாகவே செத்துவிடும். வாரிசு சர்டிபிகேட் வாங்கி, புதிதாக அப்ளிகேஷன் போட்டு, கடைசி ஆளாகப் போய் நிற்கவேண்டும். இன்னொரு வருஷம் ஆகும்.

"இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றான் உமேஷ். "வேணாம்னு சொல்லிடுங்க அங்கிள்."

"இரு" என்றாள் சுலோசனா.

ஏன் இரு என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நஞ்சுண்டசாமி நல்ல மனிதர், இருந்தார்.

அந்த வண்டியின் கதையைச் சொல்லப்போனால் எரிச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. போன தை மாதம் முனிராஜ் அதை புக் பண்ணினான். டெம்போ மாதிரி பெரிசும் இல்லை, லக்கேஜ் ஆட்டோ மாதிரி சின்னதும் இல்லை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு டன் ஏற்றலாம், மார்க்கெட் சந்துக்குள் நுழைந்து திரும்பலாம். செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கும். இதை முனிராஜ் சொல்லாத நாள் கிடையாது. மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். ஷோரூம்காரன் சொல்கிற அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் அச்சாகியிருக்கவில்லை.

காலண்டர் என்றால் அந்த வீட்டில் இரண்டு. சுலோசனா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மில் தொழிலாளி. வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். நல்ல நாள் கெட்ட நாளெல்லாம் அவளுக்குத் தெருவோடுதான். யுகாதியும் வரமகாலட்சுமியும் பசம்மா எப்படியோ அவளும் அப்படி. முனிராஜ் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன். அவனுக்கு ஆடி, ஆவணி, தை. ஆகவே சமையலறைச் சுவரில் கன்னடக் காலண்டரும் கூடத்துச் சுவரில் தமிழ்க் காலண்டரும் தொங்கின. இருபத்து நாலு வருஷம் அந்த இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. வண்டி என்று ஒன்று வந்த பிறகுதான் வந்தது.

ஜூலை மாதம், ஆஷாட வெள்ளிக்கிழமை. ஆஷாடம் கன்னடக்காரர்களின் ஆடி, தமிழ் ஆடிக்கு முன்னாலேயே பிறந்துவிடும். பசம்மாவோடு சாமுண்டி மலைப் படியேறி, கூட்டத்தில் நசுங்கி, கும்பிட்டுவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். பசம்மா வீட்டுப் போன் அடித்தது. ஷோரூம். வண்டி வந்திருக்கிறது, முன்னால் இருப்பவர்கள் ஆஷாடம் என்று எடுக்க மறுக்கிறார்கள், உங்களுக்கு வேண்டுமா, ஒரு மணி நேரத்தில் சொல்லுங்கள். முனிராஜ் எங்கேயோ சாமராஜநகர் ரோட்டில் இருந்தான். அவனைப் பிடிக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால், வழி தேடவும் இல்லை. ஆஷாடத்தில் கல்யாணம் செய்தவர்களைக்கூடப் பிரித்து வைப்பார்கள், இரும்பு வண்டியைப் போய் யாராவது எடுப்பார்களா? ஒரு மணி நேரம் எதற்கு, ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று கன்னடத்தில் பளிச்சென்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட முனிராஜ் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தான். கூடத்துக் காலண்டரைப் பார்த்தான்.

"நமக்கு இது ஆனி மாசந்தானே, சுலோசனா" என்றான். பிறகு, "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றான். அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

ஆஷாடம் முடிந்த நாலாம் நாள் மறுபடி போன் வந்தது. தெருவே அவன் குதித்ததைப் பார்த்தது. ஆனால் அதற்குள் தமிழுக்கு ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கிறேன் என்று ஹனூர் உரக்கடைக்குப் போன் போட்டான். ஆடியில் வண்டி எடுத்தால் அது வண்டியல்ல, எமன் என்று லிங்கம்மா சொல்லிவிட்டாள். வளர்த்தவள் வாயிலிருந்து எமன் என்று வந்த பிறகு அவன் எப்படி எடுப்பான்? அதுவும் போயிற்று. ஆவணியில் எந்தத் தடையும் இல்லை, ஆனால் வண்டியும் இல்லை.

அந்த ஒன்றரை மாதமாகச் சுலோசனா அவனைச் சும்மா விடவில்லை. டெம்போ வழியில் நின்று அவன் நேரம் கெட்டு வரும்போதெல்லாம், சோறு போடும்போதெல்லாம், உங்க அக்காவால போச்சு, உங்க அக்காவால போச்சு. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். அதற்கு முந்தினது யாரால் போயிற்று என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நாலு நாள் சண்டை போட்டு ஓய்ந்திருப்பாள். கேட்காமலே போய்விட்டானே என்பதுதான் இப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்குக் கிருஷ்ணராஜ் வந்தார், டெம்போவின் சொந்தக்காரர். கனமான ரோஜா மாலை. மாலையைப் போட்டுவிட்டு உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஒரு டிரைவர் எனக்கு இனிமேல் கிடைக்கமாட்டான் என்றார். பிறகு உமேஷின் தோளில் கை போட்டார்.

"கவலைப்படாதே. காரியமெல்லாம் முடிச்சுட்டு வந்து சாவி வாங்கிக்கோ. அப்பா ஓட்டின வண்டி, உனக்கில்லாம யாருக்கு?"

உமேஷ் தலையாட்டினான். இருபத்து மூன்று வயது. போன சித்திரையில்தான் லைசென்ஸ் எடுத்திருந்தான், வரப்போகிற வண்டிக்காக. அவன் தலையாட்டியதைச் சுலோசனா பார்த்தாள். அந்த டெம்போ அப்பனைத் தின்றது போதாதென்று பிள்ளைக்குச் சாவி நீட்டுகிறது. நீட்டுகிறவர் நல்லெண்ணத்தோடு நீட்டுகிறார், அதுதான் கொடுமை, திட்டக்கூட முடியாது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், பாருங்கள், பையனுக்கு உடனே ஒரு வழி கிடைத்துவிட்டது, அந்த ஷோரூம்காரனிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், சாவு வீட்டில் பட்சத்தில் புது வண்டியாம் என்று முகத்தைச் சுளித்தார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். நஞ்சுண்டசாமி சுலோசனாவைப் பார்த்தார். அவள் குனிந்து ஐஸ் தண்ணீரில் ஊறிய சாக்கைப் பிழிந்தாள். சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போனில் அவள் சொன்ன ஒரு பதில் போதாதா?

லிங்கம்மா நாலு இருபதுக்கு வந்தாள். டி.நரசீபுரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் டயர் வெடித்து மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். தெருமுனையிலேயே செருப்பை விட்டுவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கையில் கோடித் துணி இருந்த மஞ்சள் பை. உள்ளே வந்து தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுலோசனா காலையிலிருந்து தயாராக வைத்திருந்தாள். வா அண்ணி, எடுக்காத வண்டி அவரை எப்படி எடுத்துக்கிச்சு பாருன்னு எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று. நாக்கு நுனியில்தான் இருந்தது.

லிங்கம்மா முந்திக்கொண்டாள்.

"என்ற தம்பிய நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றாள். அழுகையாகக்கூட அது வரவில்லை. பேச்சாகத்தான் வந்தது. "ஆடி ஆடின்னு சொல்லி நாந்தான் தடுத்துப்போட்டேன். அது வந்திருந்தா இந்தப் பீத்த வண்டியத் தள்ளியிருப்பானா? எமன்னு சொன்ன வாயி இது. அம்மிணி, என்ற வாயிலயே நாலு அடி அடி, அடி அம்மிணி."

சுலோசனாவின் கையைப் பிடித்துத் தன் வாயருகே கொண்டுபோனாள். சுற்றியிருந்த பெண்கள் பிடித்து விலக்கினார்கள். சுலோசனா அப்படியே நின்றாள். நாளெல்லாம் அவள் கேட்க நினைத்தது அதுதான், அந்த வார்த்தைகளேதான். கேட்டாயிற்று. ஒரு சொட்டு ஆறுதலும் அதில் இல்லை.

"மொதல்ல ஒருக்கா வந்தப்பவே எடுத்திருக்கோணும்" என்று லிங்கம்மா தம்பியிடம் பேசிக்கொண்டே போனாள். "'நாந்தான் அக்கா அப்பவே கூறு கெட்டுப்போயி வேண்டாம்னுட்டேன், இந்தத் தடவயாச்சும் எடுக்கறேன்'னு போன்ல கெஞ்சுனியே. அப்பவும் உடலியே நானு."

நாந்தான் வேண்டாம்னுட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அக்காவிடமும் அப்படித்தான். ஷோரூமிலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஊரெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் வசவு வாங்கியிருக்கிறான். சுலோசனாவுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் கேட்டார்கள் இவரிடம் இந்தப் பெருந்தன்மையை? உயிரோடிருந்தால் உலுக்கிக் கேட்டிருப்பாள்.

"அவரில்ல அண்ணி" என்றாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "ஆஷாடத்துல வேணாம்னது நானு. அவரைக் கேக்கவேயில்ல. அவர் சொன்னதா நானே சொல்லிட்டேன்."

லிங்கம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். உமேஷ் அம்மாவை வெறித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்வார்கள், காறித் துப்புவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். கட்டியவளுக்கு இப்படியொரு புத்தி என்று யாராவது சொன்னால்கூடத் தேவலை. ஆனால் வாசலிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து, மணி அஞ்சாகப் போவுது, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், கோடியப் போடுங்க என்றார். அவ்வளவுதான். எல்லோரும் கோடிக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் சொன்னது ஐஸ் தண்ணியோடு ஓடிப்போயிற்று. லிங்கம்மா மட்டும் பையைப் பிரிக்கும்போது இரண்டு தடவை அவள் பக்கம் பார்த்தாள்.

குளிப்பாட்டினார்கள். கோடி போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். தமட்டை மேளம் ஒலிக்கத் தொடங்கியது. நாலு பேர் தோள் கொடுக்க, தெரு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டது. உமேஷ் தீச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் முனைவரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் போகிற வழக்கமில்லை. அவன் போகிற உயரம் தெரிந்துகொண்டிருந்தது, பிறகு ஒரு லாரி குறுக்கே வந்தது, பிறகு தெரியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள எல்லோரும் குழாயடிக்குத் திரும்பினார்கள்.

சுலோசனா திரும்பவில்லை. அதாவது, தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பசம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். தீட்டோடு இன்னொருத்தர் வீட்டுப் படியேறக்கூடாது என்று தெரியாதவளல்ல. ஏறவுமில்லை. ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணி என்ன என்று கேட்டாள். ஐந்து இருபத்திரண்டு என்றாள் பசம்மா. எதற்கு என்று கேட்கவில்லை. போனைத் தூக்கிவந்து ஜன்னல் திட்டில் வைத்தாள், ஒயர் அதுவரைக்கும்தான் வந்தது. காலண்டரில் நஞ்சுண்டசாமி குறித்து வைத்திருந்த நம்பரைப் பார்த்து அவளே சுழற்றி, ரிசீவரைக் கம்பிக்கு இடையில் நீட்டினாள்.

எடுத்தவன் அதே கிளார்க். குரல் அவளுக்குத் தெரிந்தது. பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது.

"முனிராஜ் வீட்டிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுங்கம்மா. பட்சம், வேணாம். அதானே? பேரை அடிச்சிடறேன்."

"அடிக்காதீங்க. வண்டி வேணும்."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரளும் சத்தம். "சாரைக் கேட்டுட்டீங்களா?"

கம்பியைப் பிடித்திருந்த கையில் சர்க்கரை இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. தமட்டைச் சத்தம் தூரத்தில், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி, கேட்டும் கேட்காமலும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே அடித்துவிடுவான். சொல்லாவிட்டால் நாளைக்கு உமேஷ் போய் நிற்கும்போது என்ன ஆகுமோ, கையைக் காலைப் பிடிக்கவேண்டியிருக்குமோ. நாளைக்கு நடப்பது நாளைக்கு.

"கேட்டுட்டேன்" என்றாள்.

"பட்சம்னா பரவாயில்லையாமா?"

"பரவாயில்லைன்னுட்டார்."

"அப்படின்னா சரி. அவர்கிட்ட குடுங்க, ஒரு வார்த்தை பேசிடறேன்."

"வெளிய போயிருக்கார்."

"பரவாயில்லை, வந்ததும் சொல்லுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. வண்டி இங்க என் கண்ணெதிர்லதான் நிக்குது, நீலக் கலர்." கிளார்க்குக்கு ஒரு வேலை முடிந்த சந்தோஷம் வந்துவிட்டது. பேச்சு நீண்டது. "பாவம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை வந்திடுவார். எங்களை ஒண்ணும் கேக்கமாட்டார். காட்டறதுக்குன்னு ஒரு வண்டி வெச்சிருக்கோம் பாருங்க, அதுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவார். செருப்பைக் கீழ விட்டுட்டுத்தான் ஏறுவார். நாங்கள்லாம் சிரிப்போம். இனிமே செருப்போடயே ஏறலாம்னு சொல்லுங்க, அவர் வண்டிதானே."

சனிக்கிழமை. சனிக்கிழமை அவன் சலூனுக்குப் போவதாகச் சொல்லுவான்.

"சொல்றேன்" என்றாள் சுலோசனா.

ரிசீவரைக் கம்பி வழியாக நீட்டினாள். பசம்மா வாங்கிக்கொண்டு முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

குழாயடியில் மற்ற பெண்களெல்லாம் குளித்துவிட்டுப் போயிருந்தார்கள். லிங்கம்மா மட்டும் நனைந்த சேலையோடு, நிரம்பிய வாளிக்குப் பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆருகிட்ட பேசிட்டு வர்றே?"

"ஷோரூம்ல. எடுத்துக்கறோம்னு சொல்லிட்டேன் அண்ணி."

"அவன் பேர்லயா?"

"ஆமா."

லிங்கம்மா சொம்பில் மொண்டு குழாயடிக் கல்லைக் கழுவிவிட்டாள். பட்சம் என்று சொல்லவில்லை. தீட்டு என்றும் சொல்லவில்லை. "உக்காரு" என்றாள். சுலோசனா கல்லில் உட்கார்ந்தாள். லிங்கம்மா அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, சொம்பை முக்கித் தலையில் ஊற்றினாள். பிறகு இன்னொரு சொம்பு ஊற்றினாள்.